பூட்டுக்கடைக்காரருக்குத் தண்ணி காட்டியவள்

குளியலறைக் கதவைத் திறந்த பூட்டுக்கடைக்காரர், திறந்த வேகத்திலேயே சாத்திவிட்டுக் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு ஆள் தொங்கிக்கொண்டிருந்தான். கறுப்பு ஆள். கை இருந்தது, கால் இருந்தது, தலை மட்டும் இல்லை. கால் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக என்னவோ வடிந்துகொண்டிருந்தது.

ஊரில் பாதி வீடுகளுக்குப் பூட்டு விற்றவர் அவர். சொந்த வீட்டு வாசலுக்கு மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று பூட்டிவைத்திருந்தார். அத்தனையையும் தாண்டி ஒருவன் உள்ளே புகுந்து, தலையையும் கழற்றி எங்கோ வைத்துவிட்டுத் தொங்குகிறான் என்றால், பயத்தைவிட அந்த அவமானம்தான் அவரைப் போட்டு உலுக்கியது.

"ஏம்மா," என்றார், குரல் தணித்து. "குளியலறைல யாரு?"

"யாருமில்லையே," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "என் டிரஸ்தான் காயுது."

"உன் டிரஸ்ஸுக்கு எதுக்கு முழங்கால்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவைத் திறந்து காட்டினாள். கொடியில் தொங்கியது தடித்த ரப்பர் உடுப்பு. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டு.

"கடலுக்குள்ள போறவங்க போட்டுக்கறது. அளவு சரியா இருக்கான்னு பாக்கக் கொடுத்தாங்க. அலசிப் போட்டிருக்கேன்."

"யாரு கடலுக்குள்ள போறாங்க?"

"நான்தான். முதுகுல காத்து உருளையைக் கட்டிக்கிட்டு அடி ஆழம் வரைக்கும் போவாங்களே, ஸ்கூபான்னு. அதைக் கத்துக்கலாம்னு இருக்கேன்."

பூட்டுக்கடைக்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். வாளியில் தண்ணீர் இருந்ததைக் கவனிக்கவில்லை. கால் நனைந்ததும் தெரியவில்லை.

"என்னைத் தலைமுழுகறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"உங்களை எதுக்குங்க முழுகணும்? நான் மட்டும்தான் முழுகப் போறேன்."

அவள் ஒரு டாக்ஸி கம்பெனியில் ரேடியோ மேசையில் உட்கார்கிறவள். காதில் ஹெட்போன், வாயருகே மைக், முன்னால் ஊர் முழுக்க ஓடும் வண்டிகள் புள்ளி புள்ளியாக நகரும் திரை. "அக்கா, தெரு முட்டுதே", "அக்கா, பயணி அழுவுறாரே", "அக்கா, நான் எங்க இருக்கேன்" என்று நாள் முழுக்க டிரைவர்கள் அவள் காதைக் கடிப்பார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத ஆளையும் நாலு கேள்வி கேட்டுக் கண்டுபிடித்து வீடு சேர்ப்பதில் அவள் கெட்டிக்காரி.

"ஏன் திடீர்னு கடல்?" என்றார் அவர்.

"அங்க யாரும் பேச மாட்டாங்களாம்," என்றாள் அவள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்த ஏக்கத்தைக் கல்யாணமான புதிதில்கூட அவர் கண்டதில்லை.

கீழே போனவள் மேலே வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்க அவருக்கு வாய் துடித்தது. ஆனால் அந்த மாதிரிப் பேச்சு அந்த வீட்டில் பழக்கமில்லை. அதனால், "ரப்பர் உனக்கு ஒத்துக்காதே, அரிக்குமே," என்றார். அவள், "அரிச்சா சொறிஞ்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நேரடியாகக் கூடாது என்று சொல்லிப் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று ஒருமுறை சொன்னார். இப்போது அவள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு போகிறார். ஆகவே அவர் யோசனை கேட்டு மச்சினனிடம் போனார்.

மச்சினன் லிப்ட் மெக்கானிக். அன்று ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிப்டின் தலைமேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தான். பூட்டுக்கடைக்காரர் மேல்மாடித் தரையில் கவிழ்ந்து படுத்து, இடுக்கு வழியாகத் தன் குடும்பப் பிரச்சினையை உள்ளே இறக்கினார்.

"மாமா, வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றது கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரியான குரல். "சரின்னு சொல்லுங்க. ஆனா பாதுகாப்பு முக்கியம்னு சொல்லுங்க."

"சொன்னா?"

"கடல்ல தொலைஞ்சு போனா, நான் இங்க இருக்கேன்னு காட்டறதுக்குக் கருவியெல்லாம் இருக்கு மாமா. விசில், விளக்கு, ரேடியோன்னு என்னென்னமோ. அதுல எது நல்லதுன்னு நானே பாத்துத் தேர்ந்தெடுக்கறேன், அதுவரைக்கும் இறங்காதேன்னு சொல்லிடுங்க. மத்ததை நீங்க பாத்துப்பீங்க. வாசல் மணி வாங்கின கதை ஞாபகம் இருக்கா?"

பூட்டுக்கடைக்காரருக்கு ஞாபகம் இருந்தது. வாசல் மணி வாங்க அவர் கிளம்பியபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டிய பிறகு அதை முதன்முதலாக அழுத்தியவர்கள் மாப்பிள்ளை வீட்டார். ஒரு பொருளில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தால் அவரை நிறுத்த ஆள் கிடையாது. அதுவரை இதை எல்லோரும் ஒரு குற்றமாகத்தான் சொல்லியிருந்தார்கள். அது ஓர் ஆயுதம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"மாப்ளே, உனக்கு மூளை இருக்குடா," என்றார், தரையில் படுத்தபடியே.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைப் போட்டார். சண்டை வரும் என்று எதிர்பார்த்து, பதில்களையெல்லாம் வழியிலேயே அடுக்கிவைத்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை.

"எவ்வளவு அக்கறை உங்களுக்கு," என்றாள் அவள், கண்ணை விரித்து. "சரிங்க. நீங்க பாத்து இதுதான்னு சொல்ற வரைக்கும் நான் கடல்ல காலை வைக்க மாட்டேன். போதுமா?"

"கடல்ல வைக்க மாட்டியே?"

"கடல்ல வைக்கவே மாட்டேன்."

அவருக்கு வந்த சந்தோஷத்தில், எதிரே இருந்த டீயோடு அவளுடைய டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டார்.

மறுநாள் மாலையிலிருந்து, பூட்டுக்கடை மூடினதும் அவர் நேராகக் கடலில் முங்குகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடைக்குப் போகத் தொடங்கினார். கடை துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருந்தது. அதை நடத்தியவரைக் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். மொட்டைத் தலை, காதோரம் உப்புப் பூத்த மாதிரி நரை, முங்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதும் அவர்தான். எதற்கும் கோபப்படாத மனிதர். அந்தக் குணத்தைச் சோதித்துப் பார்க்கவே பூட்டுக்கடைக்காரர் பிறந்து வந்ததுபோல் ஆயிற்று.

"இது என்ன?"

"விசில் சார்."

"ஊதினா கேக்குமா?"

"நல்லா கேக்கும்."

"படகு என்ஜின் ஓடும்போது?"

கேப்டன் தலையைச் சொறிந்தார். "அப்போ கொஞ்சம் சிரமம்தான்."

"அப்போ படகுக்காரன் என்ஜினை நிறுத்திட்டு, யாராவது ஊதறாங்களான்னு காத்துக்கிட்டு உக்காந்திருப்பானா?" என்று கேட்டு, விசிலை ஒரு பக்கம் தள்ளினார்.

கண்ணாடியை எடுத்தார். சூரிய வெளிச்சத்தை வாங்கித் தூரத்துப் படகுக்கு அடிக்கிற கண்ணாடி. "மேகம் போட்டா?" என்றார். கண்ணாடி போயிற்று. மினுக்கு விளக்கை எடுத்தார். "பகல்ல யாருக்குத் தெரியும்?" என்றார். விளக்கும் போயிற்று. அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் சுருட்டிவைத்த ஒரு நீளப் பை. காற்றடைத்தால் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீரில் கம்பம் மாதிரி நிற்குமாம்.

"மிதவைக் குழாய் சார். ஒவ்வொருத்தரும் கட்டாயம் எடுத்துட்டுப் போறது. அலைக்கு மேல உங்க தலை தெரியாது, இது தெரியும்."

"தானா நிக்குமா?"

"கீழ்நுனியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கணும். விட்டா படுத்துக்கும்."

"தொலைஞ்சு போனவ நீந்துவாளா, இதைத் தூக்கி நிறுத்திக்கிட்டிருப்பாளா?"

அந்த நேரம் கடைக்குப் பின்பக்கத்திலிருந்து தொப்பென்று ஒரு சத்தமும், யாரோ தண்ணீரைத் துப்பி இருமுகிற சத்தமும் கேட்டன.

"பின்னாடி என்ன?"

"பழக்கற குளம் சார். ஆழமானது. புதுசா கத்துக்கறவங்க உள்ள இருக்காங்க."

"பாவம்," என்றார் பூட்டுக்கடைக்காரர், மனம் கசிந்து. "யாரு வீட்டுப் பிள்ளைங்களோ. கேக்க ஆள் இல்ல போல." கேப்டன் விசில்களைத் துடைக்கக் குனிந்துகொண்டார்.

கடையில் பார்த்தது போதாமல் சாமான்களை வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியை மிக்ஸியை ஓடவிடச் சொல்லிவிட்டுக் குளியலறையில் நின்று விசிலை ஊதினார். மூச்சு முட்ட ஊதிவிட்டு வெளியே வந்தார்.

"பாத்தியா, கேக்கல," என்றார்.

"என்னது?"

"கேக்கலன்னு சொன்னேன்."

"எனக்கும் கேக்கல," என்றாள் அவள், மிக்ஸியை நிறுத்தாமல். கீழ் வீட்டுக்காரர் மட்டும் மேலே ஏறி வந்து, "சார், உங்க வீட்டுக் குக்கரை யாராவது இறக்கி வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயப் பொட்டலம் என்று ஒன்று. அவிழ்த்துவிட்டால் சுற்றியுள்ள கடல் பளபளவென்று பச்சையாகி, மேலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் நிறம் நிற்கிறது என்று பார்க்க அதை வாளியில் கரைத்தார். வாளியில் நின்ற நேரத்தைவிட அவர் கையில் அதிக நேரம் நின்றது. பச்சைக் கையோடு கடையில் உட்கார்ந்து சாவி வெட்டிக் கொடுத்தார். சாவியைத் தொட யோசித்தார்கள் வாடிக்கையாளர்கள்.

"ரொம்ப நல்லா வேலை செய்யுதுங்க," என்றாள் மனைவி. "தெருமுனையில நீங்க திரும்பும்போதே நீங்கதான்னு தெரிஞ்சுது."

அந்த நாட்களில் தனக்கு மாலை வேலை என்று அவள் சொல்லியிருந்தாள். அவர் திரும்பி வரும்போது அவளும் அப்போதுதான் வந்திருப்பாள். தலை ஈரமாக இருக்கும். தினமும் தலைக்குக் குளித்தால் சளி பிடிக்குமே என்று அவர் கவலைப்பட்டாரே தவிர, வேறெதுவும் யோசிக்கவில்லை. அவருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே அன்றன்றைக்கு எந்தக் கருவியில் என்ன குறை கண்டார் என்று கேட்பாள். ஒன்றுவிடாமல் கேட்பாள். அவர் சொல்லச் சொல்ல அவள் பேச்சு குறைந்துகொண்டே போகும். பயம் பிடித்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் ரப்பர் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

கேப்டன் ஒருநாள் உள்ளறையிலிருந்து உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றை எடுத்துவந்தார். மஞ்சள் நிறம். பக்கத்தில் மடங்கிய கம்பி.

"இது செயற்கைக்கோளோட பேசும் சார். கம்பியை நிமித்தி, வானத்தைப் பாத்துப் பிடிச்சு, இதை அமுக்கினா, மீட்பு மையத்துக்குச் சேதி போயிடும். ஹெலிகாப்டரோ கப்பலோ அனுப்புவாங்க."

பொத்தான் மேல் வைத்திருந்த விரலைப் பூட்டுக்கடைக்காரர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"யாரு தொலைஞ்சாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முன்கூட்டியே பேரைப் பதிவு பண்ணிடணும். வீட்டுல யாருக்குப் போன் பண்றதுன்னும் எழுதிக் கொடுக்கணும்."

"என் நம்பரைக் கொடுத்தா?"

"உங்களுக்குப் பண்ணுவாங்க சார்."

"பண்ணி?"

"உங்க வீட்டம்மா கருவியிலேருந்து ஆபத்துன்னு சேதி வந்திருக்கு, அவங்க கடல்ல இருக்காங்களான்னு கேப்பாங்க."

பூட்டுக்கடைக்காரர் கருவியை மேசைமேல் வைத்தார். கடையில் தான் உட்கார்ந்திருப்பது, எதிரே சாவி வெட்ட ஒரு ஆள் நிற்பது, போன் அடிப்பது எல்லாம் கண்ணெதிரே ஓடியது. அந்தப் போனை எடுத்து அவர் என்ன சொல்வார்? ஆமாம், இருக்கிறாள் என்றா? கேப்டன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதுலயும் ஒரு குறை இருக்கு," என்றார் கடைசியில். "போன் வருது."

அன்றிரவு சாப்பாட்டின்போது அதை அவர் சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நல்ல கருவிதாங்க அது. ஆனா முதல்ல அது எதுக்கு?" என்றாள். "நம்ம வண்டி ஒண்ணு வழியில நின்னுபோனா டிரைவர் யாரைக் கூப்பிடுவான்? பக்கத்துத் தெருவுல சுத்தற இன்னொரு வண்டியைத்தானே. கடல்லயும் அப்படித்தானே இருக்கணும். கூட்டிட்டுப் போன படகு கொஞ்ச தூரத்துலதான் நிக்கும். முதல்ல அந்தப் படகுக்கு நான் எங்க இருக்கேன்னு தெரியணும்."

"அதுக்கு என்ன இருக்கு?"

"இருக்காம். சின்ன ரேடியோ வில்லை. தண்ணியில விழுந்து மிதவைச் சட்டையில காத்து ஏறினா தானா வேலை செய்யுமாம். படகுத் திரையில புள்ளியாக் காட்டுமாம். அதையும் நீங்க பாத்துடுங்களேன். ஆனா குளியலறையில பாத்தாத் தெரியாது. கடல்லதான் பாக்கணும்."

"கடல்லயா? நீ காலை வைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கே."

"நான் எங்க வைக்கறேன்? நீங்கதானே தேர்ந்தெடுக்கறவரு. நீங்க இறங்குங்க. நான் படகுல உக்காந்து பாக்கறேன்."

அதில் எங்கோ இடிக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஆனால் வாதத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் சாப்பாடு முடிந்துவிட்டது. இருந்தாலும் நடுக்கடலில் எல்லாக் கருவியும் பல்லிளிப்பதை அவளே கண்ணால் பார்த்துவிட்டால் விஷயம் அத்தோடு முடியும் என்று தேற்றிக்கொண்டு, சரி என்றார்.

படகு கிளம்பியபோது அதில் கேப்டன், அவர், மனைவி, நங்கூரம் தூக்க உதவிக்கு மச்சினன் ஆகியோர் இருந்தார்கள். மனைவி ரப்பர் உடுப்போடு வந்திருந்தாள். காற்று குளிரும் என்று போட்டுக்கொண்டாளாம். அவர் கழுத்தில் மிதவைச் சட்டையை மாட்டி, பட்டைகளை இழுத்துச் சரிபார்த்து, தோளருகே எதையோ செருகினாள். விசில், கண்ணாடி, சுருட்டிய மிதவைக் குழாய் எல்லாம் அவர் இடுப்பைச் சுற்றித் தொங்கின. கரை கோடாகத் தெரிகிற இடத்தில் நங்கூரம் போட்டார்கள். படகுக்குப் பின்னால் நீளக் கயிறு ஒன்றை விட்டு, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு அவர் மிதக்க வேண்டும் என்று ஏற்பாடு.

இறங்கினார். சட்டை புஸ்ஸென்று ஊதிக் கன்னத்தை அழுத்தியது. தண்ணீர் எதிர்பார்த்ததைவிடக் குளிராக இருந்தது. ஆனால் மிதந்தார். தன்னால் மிதக்க முடிகிறது என்பதே அவருக்கு ஓர் அதிர்ச்சி.

விசிலை ஊதினார். படகிலிருந்து மூன்று கைகள் ஆடின. கேட்கிறது. அவருக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு பக்கத்தில் ஊதினால் செவிடனுக்கும் கேட்காதா? நியாயமான சோதனை என்றால் தூரம் வேண்டாமா? யாரும் தன்னைக் கவனிக்காத ஒரு கணம் பார்த்து, பூட்டுக்கடைக்காரர் கயிற்றை விட்டார்.

கொஞ்சம் நகரலாம் என்றுதான் நினைத்தார். கடல் அப்படி நினைக்கவில்லை. நீரோட்டம் அவரைப் பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தபோது படகு ஒரு செருப்பு அளவுக்கு இருந்தது. ஓர் அலை எழும்பி இறங்கியதும் அதையும் காணோம்.

விசிலை ஊதினார். படகில் என்ஜின் ஓடுகிற முனகல் காற்றில் வந்தது. அவர் சொன்னது சரிதான், கேட்கவில்லை. கண்ணாடியை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். சூரியன் முன்னால் மேகம் ஒன்று வந்து அசையாமல் நின்றது. அதுவும் அவர் சொன்னதுதான். மிதவைக் குழாயை அவிழ்த்து ஊதினார். அது எழும்பி, ஒரு பெருமூச்சு விட்டுத் தண்ணீரில் படுத்துக்கொண்டது. கடையில் அவர் எடுத்துவைத்த ஒவ்வொரு வாதமும் ஒவ்வொன்றாக நிரூபணமாகிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் இவ்வளவு முழுமையாக ஜெயித்தது கிடையாது. பாராட்டத்தான் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அது அவர் நினைத்திருந்த பயமாக இல்லை. செத்துப்போவோமே என்று தோன்றவில்லை. இப்போது படகில் அவள் எழுந்து நின்று, கயிற்று நுனியில் ஆள் இல்லாததைப் பார்த்திருப்பாளே, அவள் முகம் எப்படி ஆகியிருக்கும் என்றுதான் தோன்றியது. அந்த மஞ்சள் கருவியின் போன் தனக்கு வந்தால் எப்படியிருக்கும் என்று கடையில் உட்கார்ந்து உடைந்துபோனாரே, அதே போனை இப்போது தானே அவளுக்குப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. மிதவைக் குழாயின் கீழ்நுனியைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் இழுத்தார். அது மெல்ல நிமிர்ந்து, அவர் தலைக்கு மேலே ஆரஞ்சுக் கம்பமாக நின்றது. அதைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஏங்க."

ஒலிபெருக்கியில் வந்த குரல். டாக்ஸி மேசைக் குரல். அவர் கண்ணைத் திறந்தார். படகு நேராக அவரை நோக்கி, ஒரு அங்குலம் இப்படி அப்படி இல்லாமல், வந்துகொண்டிருந்தது. முன்நுனியில் அவள் நின்றாள்.

"பதறாதீங்க. ஏணி இடது பக்கம் வரும். அதைப் பிடிங்க. குழாயைக் கட்டிக்கிட்டு இருந்தது போதும், விடுங்க, அது நம்ம சொந்தக்காரர் இல்ல."

மேலே ஏற்றிப் போட்டார்கள். துவாலையைச் சுற்றிவிட்டாள். அவர் பல் தந்தி அடித்தது.

"நான் எங்க இருக்கேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் அவருடைய தோளில் செருகியிருந்த சின்ன வில்லையைத் தட்டினாள். அதன் முனையில் குட்டி விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கேப்டன் படகுத் திரையைக் காட்டினார். நீலத்தின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி.

"நீங்க கயித்தை விட்டதுலேருந்தே பாத்துட்டுத்தான் இருக்கோம் சார்," என்றார்.

"அப்புறம் ஏன் உடனே வரல?"

"நான்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்," என்றாள் மனைவி. "நீங்க ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தீங்க. நடுவுல கெடுக்க வேண்டாம்னு." அப்படிச் சொன்னாளே தவிர, துவாலையை அவர் கழுத்தில் மறுபடி மறுபடி இழுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். கேட்டாள்: "சொல்லுங்க. எது நல்லது?"

அவருக்கு யோசிக்கத் தெம்பில்லை. வில்லையைத் தொட்டு, "இதுதான்," என்றார்.

"தேர்ந்தெடுத்தாச்சு," என்றாள் அவள் கேப்டனைப் பார்த்து.

அடுத்து நடந்தது அவருக்குப் புரிவதற்குள் முடிந்துவிட்டது. அவள் காற்று உருளையைத் தூக்கி மாட்டினாள், பட்டைகளை அவர் கண்ணெதிரே டக் டக்கென்று பூட்டினாள், வாயில் குழலைக் கவ்வினாள், முகமூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தாள், படகின் ஓரத்தில் உட்கார்ந்து மல்லாக்கப் பின்னால் சாய்ந்தாள். தொப். கேப்டனும் தன் உருளையோடு அவள் பின்னாலேயே விழுந்தார். படகில் பூட்டுக்கடைக்காரரும் மச்சினனும் மட்டும் இருந்தார்கள்.

"அவளுக்கு நீச்சலே…" என்றார் அவர்.

"அக்கா போன வாரமே தேறிட்டா மாமா. கடை பின்னாடி குளத்துல தினமும் பழகினா. நீங்க முன்பக்கம் விசில் பாத்துட்டிருந்தப்போ."

"கேக்க ஆளில்லாத பிள்ளைங்கன்னு நான் பரிதாபப்பட்டேனே."

"அக்காவுக்கு அது கேட்டுது. தண்ணிக்குள்ள சிரிச்சு, மூக்குல ஏறி, அன்னைக்குப் பாடம் பாதியில நின்னுது."

"கடல்ல காலை வைக்க மாட்டேன்னு சொன்னாளே."

"குளத்துல வைக்க மாட்டேன்னு சொல்லலையே மாமா."

பூட்டுக்கடைக்காரர் அவனையே பார்த்தார். லிப்ட் இடுக்கில் கேட்ட குரல் ஞாபகம் வந்தது.

"மாப்ளே. அந்த யோசனை உன்னோடதுதானே?"

மச்சினன் நங்கூரக் கயிற்றை மிகுந்த அக்கறையோடு சுருட்டத் தொடங்கினான். "எனக்கு ஏது மாமா அவ்வளவு மூளை? அக்காதான் சொல்லச் சொன்னா. சும்மா விட்டா மனுஷன் கவலைப்பட்டே சாவாரு, கையில ஒரு வேலையைக் கொடுத்துடுன்னா. சாமான் எல்லாத்தையும் முதல் வாரமே வாங்கி வச்சுட்டா."

"எல்லாத்தையுமா?"

"ஒவ்வொண்ணுலயும் நீங்க சொன்ன குறை நிஜம்தானாம். அதனால எதையும் விடாம எடுத்துட்டுப் போறா. மேகம் போட்டா விசில், என்ஜின் ஓடினா கண்ணாடி, இருட்டினா விளக்கு. எதுவும் வேலை செய்யலன்னா ரேடியோ. எங்க வீட்டுக்காரர் மாதிரி யாராலயும் குறை சொல்ல முடியாதுன்னு கேப்டன்கிட்ட பெருமையாச் சொன்னா மாமா."

அவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் எழும் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி வரும்வரை அவள் மூச்சு விடுகிறாள். ஒரு கொத்து வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அவரும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டார். பிறகு குமிழிகள் தள்ளிப் போய், அலையில் கலந்து, எது குமிழி எது நுரை என்று தெரியாமல் ஆயிற்று. அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மச்சினன் அவர் சட்டைப் பட்டையைப் பிடித்துக்கொண்டான்.

சற்றுத் தள்ளி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆரஞ்சுக் குழாய் ஒன்று எழும்பியது. விறைப்பாக, நேராக, ஆணி அடித்த மாதிரி நின்றது. அதன் கீழே கொஞ்ச நேரம் கழித்து ஒரு தலை. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் அவரைத் தேடிப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்த முகத்தைப் பார்த்து அவர் ஆடிப்போனார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் இப்படிச் சிரிப்பாள் என்று அவருக்குத் தெரியாது.

"ஒரு ஆமைங்க," என்றாள், ஏணியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டே. "எதிர்ல வந்துச்சு. என்னைப் பாத்துட்டு ஒதுங்கி வழி விட்டுச்சு. நம்ம டிரைவருங்க ஒருத்தனாவது விடுவானா?"

அவர் குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். "அரிச்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லங்க."

கரைக்குத் திரும்பும் வழியில் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஏமாந்தது ஏமாந்ததாக இருக்கட்டும், அதோடு முடிந்தது அல்லவா? இனி அவள் கடலுக்குப் போவாள், அவர் உலர்ந்த நிலத்தில் பூட்டு விற்பார். துறைமுகத்தில் இறங்கி, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்ற முடிவோடு, கேப்டனிடம் மரியாதையாகக் கை கூப்பி விடைபெற்றார்.

கேப்டன் அவர் கையை விடவில்லை.

"சார், ஒரு உதவி. புதுசா வர்றவங்களுக்கு, தொலைஞ்சு போன ஆளைக் கடல்ல தேடிக் கண்டுபிடிக்கறதுன்னு ஒரு பாடம் இருக்கு. ஒவ்வொரு வாரமும் அதுக்கு ஒரு ஆள் வேணும். எத்தனையோ பேரை விட்டுப் பாத்துட்டோம், எல்லாரும் நடிக்கறாங்க. உங்களை மாதிரி மனசாரத் தொலைஞ்சு போற ஆள் எங்களுக்கு இதுவரைக்கும் கிடைக்கல."

பூட்டுக்கடைக்காரர் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"இவர்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க," என்றாள் மனைவி, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே. "ஞாயிற்றுக்கிழமை வந்துடுவாருன்னு நான் காலையிலயே சொல்லிட்டேனே."